சனிக்கிழமை மாத்திரை

மறதிக்கு ஒழுங்கு கிடையாது. பதினோரு வருடமாக மாத்திரை அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மருந்தாளுநர் கற்றுக்கொண்டது அது. மறந்துபோகிறவரின் அட்டையில் ஒரு வாரம் திங்கள் மிஞ்சும், அடுத்த வாரம் வியாழன் மிஞ்சும், அதற்கடுத்த வாரம் ஒன்றுமே மிஞ்சாது. இப்போது சன்னல் வழியாக நீட்டப்பட்ட அட்டையில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. போன வாரத்து அட்டையில் சனியும் ஞாயிறும்.

"மறந்துட்டேன்க்கா," என்றான் அவன்.

"மூணு நாளுமா?"

"மூணு நாளும்தான்."

"மறதி இவ்வளவு அழகா வரிசையில நிக்காது தம்பி."

அவன் சன்னல் கம்பியைப் பார்த்தான்.

அது குடிநோய் சிகிச்சைப் பிரிவின் மருந்துச் சன்னல். புதன்கிழமைதோறும் அவன் வருவான், தீர்ந்த அட்டையைக் கொடுத்துப் புது அட்டையை வாங்கிப் போவான். அட்டையை ஏழு மாத்திரையாக வெட்டி, சட்டைப்பையில் குத்தாமல் இருக்க மூலைகளைக் கத்தரியால் மழித்து, ஒவ்வொரு குழியின் பக்கத்திலும் கிழமையை எழுதித் தருவது மருந்தாளுநரின் வழக்கம். டாக்டர் அவளுக்கு 'அட்டை ஜோசியர்' என்று பெயர் வைத்திருந்தார். "கைரேகை பாக்கிறவங்க எதிர்காலத்தைச் சொல்வாங்க, நம்ம அம்மா போன வாரத்தைச் சொல்வாங்க," என்பார்.

இந்த அட்டை சொன்ன சங்கதி அவளுக்குப் பிடிக்கவில்லை. அவனுக்குக் கொடுக்கும் மாத்திரை குடிக்கும் ஆசையை எடுத்துவிடாது. அதைப் போட்டுக்கொண்டவர் குடித்தால் உடம்பு உடனே காட்டிக்கொடுக்கும். முகம் செக்கச்செவேலென்று ஆகும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், தலை தெறிக்கும், வாந்தி வரும். அந்தப் பயம்தான் காவல். ஆகவே குடிக்கத் திட்டம் போடுகிறவர் முதலில் மாத்திரையை விடுவார். வேலை நாட்களில் ஒழுங்காகப் போட்டு, வாரக் கடைசியில் மட்டும் விடும் அட்டைகளை அவள் நிறையப் பார்த்திருந்தாள். அவற்றின் சொந்தக்காரர்கள் சிலர் பிறகு வரவேயில்லை.

இத்தனைக்கும் முதல் இரண்டு வாரம் அவன் அட்டையில் ஒரு குழிகூடத் தப்பவில்லை. மாத்திரையைத் தனியாக விட்டால் ஓடிவிடும், தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு கட்டிப்போட வேண்டும் என்று அவள் எல்லோருக்கும் சொல்வாள். ஒரு பஸ் டிரைவர் மூக்குக்கண்ணாடி துடைப்பதோடு கட்டினார். ஒரு வாத்தியார் வருகைப் பதிவேட்டுக்குள் அட்டையைச் செருகி வைத்தார். இவன் யோசித்து, "காலையில கடை ஷட்டரைத் தூக்குவேன்க்கா. தூக்கினதும் போட்டுக்கறேன்," என்றான். அவளும் தன்னிடம் வைத்திருக்கும் நோயாளிச் சீட்டில் 'தொழில்: கடை' என்று எழுதிக்கொண்டாள்.

அந்த முதல் நாளே தன் கதையையும் சொல்லியிருந்தான். மனைவியும் எட்டு வயது மகளும் மச்சான் வீட்டில் இருக்கிறார்கள். அவன் வேலை செய்வதும் மச்சான் கடையில்தான், தூங்குவது அதன் பின்னறையில். மச்சான் ஒரு கெடு வைத்திருக்கிறார். "தொண்ணூறு நாள் தொண்டையை நனைக்காம இருன்னாரு. இருந்தா அவரே ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்து விடுவாராம். நடுவுல ஒரு நாள் சறுக்கினாலும் மறுபடி ஒண்ணுலேர்ந்து." மூன்றாவது வாரம் வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "இதுவரைக்கும் கூட்டுறது, துண்டு துவைக்கிறதுன்னு வச்சிருந்தாருக்கா. போன சனிக்கிழமைலேர்ந்து சனி, ஞாயிறு என் பழைய வேலையைத் திருப்பிக் குடுத்திருக்காரு." அவளுக்கும் சந்தோஷம்தான். அந்த வாரம்தான் முதல் ஓட்டை விழுந்தது.

"சரி, இப்படிச் செய்வோம்," என்றாள் மருந்தாளுநர். "சனிக்கிழமை காலையில ஏழரைக்கு நான் சன்னலைத் திறப்பேன். அன்னிக்கு மாத்திரையை என் முன்னாடி வந்து போட்டுட்டு வேலைக்குப் போங்க."

அவன் தலையாட்டினான். ஆனால் அட்டையை வாங்கிக்கொண்டு போனபோது, தண்டனை வாங்கியவன் நடையாக இருந்தது.

*

சனிக்கிழமை ஏழரைக்கு வந்துவிட்டான். அன்று அவன் கெடுவில் முப்பத்திரண்டாம் நாள். வெள்ளிக்கிழமைக் குழியில் மாத்திரை அப்படியே இருந்தது. அட்டையை நீட்டிய கையிலிருந்து குப்பென்று ஒரு வாசனை வந்தது. புதன்கிழமைகளிலும் லேசாக அது இருந்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அந்தச் சன்னலுக்கு வாசனை பூசிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் வேறொரு வாசனையை மறைக்கிறவர்கள்.

தண்ணீர்த் தம்ளரை நகர்த்தி வைத்தாள்.

"இன்னிக்கு மட்டும் விட்ருங்கக்கா."

"குடிக்கப் போறீங்களா?"

"சத்தியமா இல்லை."

"அப்புறம் ஏன்?"

"சொன்னா சிரிப்பீங்க."

"காலையில ஏழரை மணிக்கு எனக்குச் சிரிப்பு வராது. சொல்லுங்க."

அவன் மாத்திரையைப் பிதுக்கி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பின்னால் நின்ற கனத்த மனிதர் கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, அது என்ன விருந்துச் சாப்பாடா, ரசிச்சு ருசிச்சுச் சாப்பிட? முழுங்கிட்டு நகருப்பா. எனக்கு பஸ் போயிடும்."

அவன் முழுங்கினான். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான். தம்ளரைத் திருப்பி வைக்கும்போது, கோபமே இல்லாத குரலில் சொன்னான்:

"முப்பத்திரெண்டோட முடிஞ்சுதுன்னு வச்சுக்குங்கக்கா. சாயங்காலத்துக்குள்ள மச்சான் எண்ணிக்கையை அழிச்சுடுவாரு."

அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். அவள் வெட்டினாள், எழுதினாள், கொடுத்தாள். ஆனால் அந்த வாக்கியம் பல்லிடுக்கில் சிக்கிய நார்போல இருந்துகொண்டே இருந்தது. குடிக்கப் போகிறவன் மாத்திரையை முழுங்க மாட்டான், ஓடிப்போவான். இவன் முழுங்கிவிட்டு, இனி நடக்கப்போவது தன் கையில் இல்லை என்பதுபோலப் பேசிவிட்டுப் போயிருக்கிறான்.

பத்து மணி வாக்கில் கூட்டம் குறைந்ததும் டாக்டர் அறையிலிருந்து அவனுடைய சிகிச்சைக் கோப்பை எடுத்து வந்தாள். முகவரிக் கட்டத்தில் டாக்டரின் கோழிக்கிறுக்கல்: 'ஆண்கள் சலூன், பின்னறை.'

கடை என்று எழுதிக்கொண்டவள், என்ன கடை என்று கேட்கவே இல்லை.

பன்னிரண்டு மணிக்குச் சன்னலை மூடிவிட்டுப் பையை எடுத்தாள். "எங்கே ஓட்டம், ஜோசியர்?" என்றார் டாக்டர்.

"சலூனுக்கு."

"இந்த வயசுல என்ன புது ஃபேஷன்?"

"ஒரு பாட்டில் லேபிளைப் படிக்கணும் டாக்டர். போன் பண்ணா எடுங்க."

*

சலூனில் மூன்று நாற்காலிகள், எதிரெதிரே கண்ணாடிகள், காத்திருக்கும் பெஞ்சில் ஐந்து பேர். கண்ணாடிக்கு மேலே 'தயவுசெய்து அரசியல் பேசாதீர்' என்று கையால் எழுதிய ஒரு அட்டை. எதிர்க்காற்றில் நடப்பதுபோல எல்லா எழுத்தும் வலது பக்கம் சாய்ந்திருந்தது. ஆனால் இப்போது யாரும் எதுவும் பேசவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் பத்திரிகைகளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடு நாற்காலியில் ஒருவர் பாதி முகம் நுரையோடும் பாதி முகம் வழவழப்போடும் உட்கார்ந்திருந்தார். கைகழுவும் தொட்டிப் பக்கத்தில் முக்காலியில் அவன். முகம், கழுத்து, காது எல்லாம் பீட்ரூட் நிறம். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்திருந்தான். தோளில் துண்டோடு நின்ற மச்சான் அவன் மேல் குனிந்திருந்தார்.

"ஊது."

அவன் ஊதினான். மச்சான் மூக்கைச் சுளித்தார். "இந்தக் கடையில எதை மோந்தாலும் லோஷன் வாசனைதான். உன் வாயில என்ன தெரியப் போகுது!"

"அப்ப எதுக்குய்யா ஊதச் சொன்னீங்க?" என்றார் பாதி முகக்காரர்.

"நீங்க திரும்பாதீங்க சார். இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கு." மச்சான் மறுபடி அவன் பக்கம் திரும்பினார். "மூஞ்சியே சாட்சி சொல்லுது மாப்ளே. போன வாரமும் இதே மூஞ்சி. அன்னிக்கு வெயில்னு விட்டேன். இன்னிக்கு உள்ளேயே இருக்கே, எந்த வெயிலு? பேச்சு பேச்சுதான். நாளைக்கு ஒண்ணுலேர்ந்து எண்ணு."

அப்போதுதான் அவர் வாசலைப் பார்த்தார். "அம்மா, இது ஆம்பளைங்க கடை."

"தெரியும். போர்டைப் படிச்சுட்டுத்தான் வந்தேன்."

"அக்கா," என்றான் முக்காலியிலிருந்தவன்.

"யாருடா இவங்க?"

மருந்தாளுநர் அவனைப் பார்த்தாள். "அதை அவர்தான் சொல்லணும்," என்றாள். பேசிக்கொண்டே கண்ணாடிக்குக் கீழே இருந்த நீலப் பாட்டிலை எடுத்தாள். சவரம் முடிந்ததும் தடவும் லோஷன். பின்பக்கம் எறும்பு ஊர்வதுபோல எழுத்து. முதல் சொல்லே ஆல்கஹால். தண்ணீர் அதற்குப் பிறகுதான். பக்கத்தில் கத்தி துடைக்கும் ஸ்பிரிட் பாட்டில்.

"இன்னிக்கு எத்தனை ஷேவிங்?"

"பதினாலு," என்றான் அவன்.

"ஒவ்வொண்ணுக்கும் இதுவா?"

பதில் பெஞ்சிலிருந்து வந்தது. "கை நிறைய ஊத்தி, ரெண்டு கையிலயும் தேய்ச்சு, கன்னத்துல ரெண்டு தட்டு தட்டுவான் பாருங்க, தூக்கமே வரும். அதுக்குத்தானே வர்றோம். பஞ்சுக்கைன்னு சும்மாவா பேரு வச்சிருக்கு!"

*

பின்னறையில் ஒரு கட்டில், ஒரு பெட்டி, காயும் துண்டுகள். கைகளை முழங்கை வரை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். முகத்தையும். சன்னலைத் திறந்து அதன் பக்கத்தில் உட்கார வைத்தாள். நாடி வேகமாக, ஆனால் தாளம் தப்பாமல் ஓடியது. நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்று கேட்டாள். இல்லை, படபடப்பு மட்டும்தான். டாக்டரைப் போனில் பிடித்தாள். அவர் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. கூடவே இருங்கள், வலி என்று சொன்னால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் கூட்டி வாருங்கள் என்றார்.

"நீங்க குடிக்கலை தம்பி," என்றாள் போனை வைத்துவிட்டு. "உங்க கை குடிச்சிருக்கு."

அவன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான்.

"அந்த லோஷன்ல இருக்கிறதும் அதேதான். தோல் வழியா கொஞ்சம், மூச்சு வழியா கொஞ்சம். ஒருத்தருக்குத் தடவினா ஒண்ணும் ஆகாது. மூடின அறையில பதினாலு பேருக்குத் தடவினா மாத்திரை அதைக் குடின்னு நினைச்சுக்குது. முதல் நாள் நான் என்ன சொன்னேன்?"

"ஆல்கஹால் எந்த ரூபத்துலயும் உள்ளே போகக் கூடாதுன்னீங்க. இருமல் மருந்துகூட."

"உள்ளேன்னுதான் சொன்னேன். மேல படறதைச் சொல்லலை. என்ன கடைன்னும் கேக்கலை. அது என் தப்பு. ஆனா நீங்க ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"எனக்கே புரியலைக்கா. மருந்துச் சூடுன்னு நினைச்சேன். வேலை செய்யற நாள்ல மட்டும் மூஞ்சி செவக்குது, மச்சான் என் மூஞ்சியையே பாக்குறாரு. அதான் அந்த நாள்ல மட்டும் விட்டுப் பாத்தேன். விட்டும் செவக்குது. சரி, இன்னும் ஒரு நாள் சேத்து விடுவோம்னு..." தானே சிரித்துவிட்டான். "குடிக்காதவன் மாதிரி தெரியணும்னு, குடிக்காம இருக்க வைக்கிற மாத்திரையை நிறுத்தினேன். இதைப் போய் எப்படிச் சொல்றது?"

"விட்டாலும் நிக்காது. போட்ட மாத்திரை ரெண்டு வாரம் வரைக்கும் உடம்புல காவல் இருக்கும். இதை வெளியே போய் அவர்கிட்ட சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. "மாத்திரை விஷயமே அவருக்குத் தெரியாதுக்கா. சொந்த வைராக்கியத்துல நிறுத்திட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன். அவரு ஒரே நாள்ல சிகரெட்டை விட்டவரு. எட்டு வருஷமாச்சு, வாரத்துக்கு ஒரு தடவை அதைச் சொல்லாட்டி அவருக்குத் தூக்கம் வராது. மாத்திரை போட்டு நிறுத்தறவனெல்லாம் ஒரு ஆளான்னு என் முன்னாடியே வேற யாரையோ சொன்னாரு."

"சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். நான் வாயைத் திறக்க மாட்டேன். திறக்கவும் கூடாது."

அவன் எழுந்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து மூலை மழித்த அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குள் போனான். பெஞ்சில் ஐந்து பேர் இருக்கிறார்களே என்று அவன் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்திருந்தால் போயிருக்க மாட்டான்.

"மச்சான், நான் மாத்திரை போட்டுத்தான் நிறுத்தியிருக்கேன். முதல் நாள்லேர்ந்து. இவங்கதான் குடுக்கறவங்க."

லோஷன் விவரத்தைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தான். விட்டுப்போன இடத்தை மருந்தாளுநர் நிரப்பினாள். மச்சான் கடைசி வரை கேட்டார்.

"கையால குடிக்கிற ஆளை இப்பத்தான் கேள்விப்படறேன்."

"எங்களுக்கும் இப்படி ஒருத்தர் வந்ததில்லை," என்றாள் அவள். "லோஷனைத் தொடாம இருந்தா ஒரு மணி நேரத்துல சிவப்பு இறங்கிடும்."

"குடிச்ச சிவப்பும்தாம்மா இறங்கும்."

"இறங்கும்."

"அப்ப எதை வச்சு நம்பறது?"

அவளிடம் அதற்கு மருந்து இல்லை. "பாட்டில்ல எழுதியிருக்கு, படிச்சுப் பாருங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியலை," என்றாள்.

"நாளைக்கு ஒண்ணு," என்றார் மச்சான், ஆனால் முன்பிருந்த வேகம் குரலில் இல்லை. கத்தியை எடுத்துக்கொண்டு நடு நாற்காலிக்குப் போனார்.

பாதி முகக்காரர் துண்டைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீங்க வேண்டாம்."

"என்ன சார்?"

"உங்க கை இரும்பு. போன மாசம் ஒரு தடவை உங்ககிட்ட மாட்டினேன், வீட்டுல போய்க் கண்ணாடியைப் பாத்தா காது இருக்கான்னு தேடினேன். பஞ்சுக்கை வரட்டும். நான் இருக்கேன்."

"நுரை காஞ்சு போச்சு சார்."

"காயட்டும். என் மூஞ்சிதானே."

பெஞ்சில் சிரித்தார்கள். மச்சானுக்கும் உதடு லேசாக இழுபட்டது. மறைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பாகவே அவன் காதுகள் பழைய நிறத்துக்கு வந்தன. மருந்தாளுநர் மறுபடி நாடியைப் பார்த்தாள். சீராகியிருந்தது. அவன் எழுந்து, புதிதாக நுரை கலக்கி, பாதி முகக்காரரின் பாக்கிக் கன்னத்தில் வைத்தான். ஸ்பிரிட்டைத் தொடாமல், வெந்நீரில் கழுவிய கத்தியில் புது பிளேடு மாட்டினான்.

மச்சான் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். தாடை வளைவில், காதுக்குக் கீழே, மேலுதட்டின் ஓரத்தில் என்று கத்தி திரும்பும் இடங்களையெல்லாம் பார்த்தார். குடித்த நாட்களில் அந்தக் கை என்ன செய்யும் என்பது அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் கத்தியைப் பிடுங்கித் துடைப்பத்தைக் கொடுத்திருந்தார். இன்று கத்தி ஒரே இழுப்பாக இறங்கியது. நுரை விலகிய இடம் சிவக்கக்கூட இல்லை.

முடித்ததும் பழக்கத்தில் அவன் கை நீலப் பாட்டிலுக்குப் போய், பாதியில் நின்றது. மச்சான் எழுந்து அந்தப் பாட்டிலை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பின்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். உதடு அசையப் படித்தார். பிறகு அதை எட்டாத அலமாரியில் வைத்துவிட்டு, இழுப்பறையைக் குடைந்து ஒரு படிகாரக் கட்டியை எடுத்து அவன் முன்னால் போட்டார்.

"இதைத் தேய். இதுல ஒண்ணும் இல்லையே?"

கேள்வி மருந்தாளுநரிடம். "இல்லை," என்றாள் அவள்.

எண்ணிக்கையைப் பற்றி யாரும் பேசவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

*

திங்கட்கிழமை டாக்டர் அவனைப் பரிசோதித்தார். வேறு மாத்திரைக்கு மாற்றலாம், இல்லாவிட்டால் ஆல்கஹால் இல்லாத லோஷனுக்குக் கடையை மாற்றலாம் என்றார். "கடையை மாத்திக்கறோம் டாக்டர், இந்த மாத்திரைதான் எனக்குக் கண்டிப்பான ஆளு," என்றான் அவன். ஸ்பிரிட்டால் துடைக்கும் வேலை இனி மச்சானுடையது. அன்று மாலை மருந்தாளுநர் தன் நோயாளிச் சீட்டுகளில் 'தொழில்' என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு, புதிதாக ஒரு கேள்வி எழுதினாள்: 'நாள் முழுக்க உங்கள் கை எதையெல்லாம் தொடுகிறது?' செவ்வாய்க்கிழமையே ஒரு தச்சர் அந்தக் கேள்விக்கு ஸ்பிரிட் வார்னிஷ் என்று பதில் சொன்னார்.

புதன்கிழமை அவன் வந்தான். வாசனை இல்லை. அட்டையை நீட்டினான். வெள்ளிக்கிழமைக் குழியில் அந்தப் பழைய மாத்திரை அப்படியே இருந்தது. மற்ற ஆறும் காலி.

"ஷட்டரோட கட்டினது இப்ப நிக்குதா?"

"கட்டினதை மாத்தியாச்சுக்கா. மச்சான் டீ போட்டுக் குடுக்கிறப்ப கூடவே தண்ணியும் வைக்கிறாரு. நான் முழுங்கிற வரைக்கும் நின்னுக்கிட்டு, அவரு சிகரெட்டை விட்ட கதையைச் சொல்றாரு. தினமும்."

"பாவம்."

"மாத்திரையைவிட அதுதான் கசக்குது."

அவள் அட்டையை வெளிச்சத்தில் திருப்பினாள். சனிக்கிழமையிலிருந்து, அவள் எழுதிய கிழமைகளுக்குக் கீழே வேறொரு கையெழுத்து தொடங்கியிருந்தது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதிய எண்கள், எதிர்க்காற்றில் நடப்பதுபோல வலது பக்கம் சாய்ந்தவை. சனிக்குக் கீழே 32. ஞாயிறுக்குக் கீழே 33. அப்புறம் 34, 35.

அவள் இன்னொரு முறை பார்த்தாள். ஒன்று என்று எங்கேயும் இல்லை.

"இன்னிக்கு முப்பத்தாறு," என்றான் அவன்.

புது அட்டையை ஏழு மாத்திரையாக வெட்டினாள். நான்கு மூலையையும் கத்தரியால் மழித்தாள். கிழமை எழுத மார்க்கரின் மூடியைத் திறந்தவள், மறுபடி மூடினாள். எழுதாத அட்டையையும் மார்க்கரையும் சேர்த்துச் சன்னல் வழியாகத் தள்ளினாள்.

"உங்க மச்சானை இதுல எழுதச் சொல்லுங்க. பால்பாயிண்ட் பேனா அட்டையைக் கிழிச்சுடும்."